புது காரில் ஸ்டியரிங் இறுகுகிறது: மாற்று வண்டி கேட்கலாமா?

கேள்வி: ஏழு மாதத்துக்கு முன் 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கு, சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கினேன். 6,800 கி.மீ. ஓடியிருக்கிறது. வளைவில் திருப்பும்போது திடீரென ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகுகிறது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். "எல்லாம் நார்மல் சார்" என்று திருப்பித் தருகிறார்கள். இப்போது, நான் பள்ளத்தில் இறக்கியதால் வந்த கோளாறு என்கிறார்கள். வேறு கார் கேட்க முடியுமா? ஷோரூம் கோவையில், நான் கரூரில் இருக்கிறேன்.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: கேட்கலாம். கிடைக்குமா என்பது உங்களிடம் உள்ள மூன்று ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் குறையை எழுதித் தரும் தாள்களைப் பொறுத்தது. முதலில் அவற்றில் வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற கட்டத்தைப் பாருங்கள். "ஸ்டியரிங் இறுகுது" என்று நீங்கள் வாயால் சொல்லியிருப்பீர்கள். அங்கே "ஜெனரல் செக்கப், வீல் அலைன்மென்ட்" என்று எழுதியிருப்பார்கள். கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

அப்படி இருந்தால் பதற வேண்டாம். மூன்று தேதிகளையும் குறிப்பிட்டு, ஒவ்வொரு முறையும் என்ன சொன்னீர்கள் என்று டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இன்றே மெயில் அனுப்புங்கள். அதில் "ஸ்டியரிங் லாக் ஆகிறது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மின்சார பவர் ஸ்டியரிங்கில் மோட்டார் உதவி நின்றாலும் சக்கரத்தோடு இணைப்பு அப்படியே இருக்கும். பலம் கொடுத்தால் திரும்பும். லாக் என்று எழுதினால் அவர்கள் இன்ஜினியர் "லாக் ஆகவே ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எந்த வேகத்தில், எங்கே திருப்பும்போது இறுகியது, எந்த விளக்கு எரிந்தது, இதை எழுதுங்கள். மஞ்சள் விளக்கு எரிந்திருந்தால் வண்டியின் கணினியில் பெரும்பாலும் எரர் கோடு, அதாவது கோளாறைக் காட்டும் குறியீடு பதிந்திருக்கும். அதைக் காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பும் உங்களுக்குச் சாதகம்தான். வெளி மெக்கானிக்கிடம் ஸ்டியரிங்கைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். வாரண்டி போய்விட்டது என்பார்கள்.

அடுத்து, எதிர்பார்ப்பு. குறை என்றாலே புது கார் என்று நினைத்துவிட வேண்டாம். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், பாகத்தை மாற்றித் தருவதாக வாரண்டி சொல்லும்போது முழு காரையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்றது. அதனால் மனுவில் படிப்படியாகக் கேளுங்கள்: மாற்று கார், இல்லையேல் பணம் திரும்ப, அதுவும் இல்லையேல் ஸ்டியரிங் தொகுதி முழுவதையும் புதிதாக மாற்றி வாரண்டியை நீட்டித்துத் தருவது. எதுவானாலும் அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு. என் கணிப்பில், உங்கள் வழக்கில் மூன்றாவதும் இழப்பீடும் கிடைக்க நல்ல வாய்ப்பு. முதலிரண்டும் நிபுணர் அறிக்கையைப் பொறுத்தவை.

பள்ளத்தில் விட்டீர்கள் என்ற வாதத்துக்கும் அந்த அறிக்கைதான் பதில். சோதித்தால்தான் தெரியும் என்ற குறைக்கு, பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு வழி செய்கிறது. அதற்கான கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். தயங்காமல் கட்டுங்கள். பல கார் வழக்குகள் தோற்பது நிபுணர் அறிக்கை இல்லாததால்தான்.

கோவைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது இந்தச் சட்டம் தந்த நல்ல மாற்றம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். உங்கள் கார் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் கைகாட்டித் தப்பிப்பார். முன்னதாக 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது நல்லது. கட்டாயமில்லை, ஆனால் சில நேரம் அதிலேயே மேனேஜர் போன் செய்வார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம், இலவசம்.

அதுவரை அந்த வண்டியில் குடும்பத்தோடு ஹைவேயில் போகாதீர்கள். சர்வீஸ் சென்டரில் விட்டு, வண்டி உள்ளே போன தேதி, கி.மீ. இரண்டும் ஜாப் கார்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். சரிசெய்ததாகச் சொல்லித் திருப்தி என்ற தாளில் கையெழுத்து கேட்டால், "ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்" என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.