சாவி யாரிடம் இருக்கிறது, அம்மிணி?

கேள்வி: கோவையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். விபத்து அவசர சிகிச்சையும், வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கும் திட்டமும் என் பொறுப்பு. சென்னையில் மாநிலம் முழுவதையும் கவனிக்கிற பதவி தருகிறார்கள். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவுக்கு 72 வயது, இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எட்டு மணிக்கே கேட்டைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்து, நாயை அவிழ்த்துவிட்டுத்தான் படுப்பார். அவரை மாற்றவே முடியாது! பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி, என் பெரியப்பா வீட்டோடு வண்டித்தடத் தகராறு, வழக்கு நடக்கிறது, பேச்சில்லை. நான் சென்னை போவது சுயநலமா?

பதில்: சுயநலமா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சாவி, அதைப் பேசுவோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது. அம்மா 108-ஐக் கூப்பிடுகிறார். ஊர் சரி, அதற்கப்புறம் எந்தத் தடம், எந்த மேடு? எப்படியோ வண்டி வந்துவிடுகிறது. கேட்டில் பூட்டு. உள்ளே நாய் பாய்கிறது. கையும் காலும் நடுங்க அம்மா தலையணையைத் தூக்கிச் சாவி தேடுகிறார். இதயத்துக்குப் போகும் ரத்தம் அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் தசை சாகும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவர் நீங்கள். 2008 முதல் ஓடுகிற 108 எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று கணக்குப் பார்க்கிறவர், உங்கள் வீட்டுக் கேட்டு திறக்க எத்தனை நிமிடம் என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா?

அப்பா பூட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பக்கம் கொள்ளை, கொலை என்று என்னென்ன நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பூட்டட்டும். இன்னொரு சாவி எங்கே என்பதுதான் என் கேள்வி.

இதற்கும் சென்னைக்கும் சம்பந்தமில்லை. கோவையிலிருந்து கிளம்பினாலும் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்து நிற்பீர்கள். அந்த ராத்திரிக்குக் கோவையும் ஒன்று, சென்னையும் ஒன்று. ஓடி வரக்கூடியவர் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் பங்காளிதான். அவரோடுதான் பேச்சில்லை என்கிறீர்கள்! எழவு வீட்டுக்கு மட்டும் வந்து நிற்கவா பங்காளி? ஊர் ஊராகப் போய் யார் யார் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்து சமாதானம் பேசுகிறீர்கள், சொந்தப் பெரியப்பா வீட்டு வாசலை மட்டும் மிதிக்க மாட்டீர்கள். இதற்குப் பெயர் ரோஷம் இல்லை, பொறுப்பில்லாத்தனம். இதெல்லாம் ஆண் பிள்ளை பேச வேண்டியது என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள். பெற்றவர்களுக்கு மகளும் பிள்ளைதான்.

வரும் ஞாயிறு வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு போங்கள். தட வழக்கைப் பேச வேண்டாம், அது பாட்டுக்கு நடக்கட்டும். "பெரியப்பா, இந்தச் சாவி உங்ககிட்ட இருக்கட்டுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அந்த வீட்டு ஆள் இரண்டு பேருக்கு நாயைப் பழக்குங்கள். தார் ரோட்டிலிருந்து திரும்புகிற அடையாளத்தையும், தோட்டத்துக்கு வருகிற தடத்தையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அம்மா போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

சென்னை வேலைக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லிக்கொள்ளலாம்.