டானியலின் காது

அன்புள்ள சார்,

நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காகவே ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ பார்த்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தும், புருஷனைத் தள்ளிவிட்டது பெண்டாட்டியா, அவனே குதித்தானா என்று கடைசிவரை சொல்லவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பையனை நீங்கள் ஏன் அவ்வளவு புகழ்ந்தீர்கள் என்பதுதான் பிடிபடவில்லை. கோர்ட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நடித்ததெல்லாம் அம்மாவாக வருபவர்தானே?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

அம்மாவாக வரும் ஸாண்ட்ரா ஹ்யூலரைப் பற்றி நமக்குள் சண்டை இல்லை. ஆனால் ‘சும்மா’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. (படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவு வரை பேசப்போகிறேன்.)

ஜூஸ்தீன் த்ரியே இயக்கி, 2023இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனையை வாங்கிய பிரெஞ்சுப் படம். டானியலுக்கு 11 வயது. நான்கு வயதில் நடந்த விபத்தில் பார்வை நரம்பு அடிபட்டுவிட்டது. முழுதாகப் போகவில்லை, மங்கலாகத் தெரியும். நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டுத் திரும்பினால், வீட்டு வாசலில் அப்பா பனியில் செத்துக் கிடக்கிறார். கொலைப்பழி அம்மா மேல் விழுந்து, வழக்கு கோர்ட்டுக்கு வருகிறது.

நம் சினிமாவில் பார்வைக் குறை என்றாலே மோவாயைத் தூக்கிக்கொண்டு, கையை நீட்டித் துழாவியாக வேண்டும். டானியலாக வரும் மிலோ மச்சாடோ கிரானர் அதெல்லாம் செய்வதில்லை. அவன் கேட்கிறான், அவ்வளவுதான். சாட்சி சொல்ல நிற்கும்போது ஒரு பக்கம் அரசு வக்கீல், மறுபக்கம் அம்மாவின் வக்கீல். குரல் வருகிற பக்கமெல்லாம் அவன் தலை திரும்புகிறது, கேமராவும் அவன் முகத்தைச் சுற்றி அலைகிறது. அப்பா அம்மா சண்டையில் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கப்படும் பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோம் இல்லையா? அதை வெறும் கழுத்திலேயே காட்டிவிடுகிறான்.

அப்பா ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்த சண்டையைக் கோர்ட்டில் போடுகிறார்கள். முதலில் நமக்கும் காட்சி தெரிகிறது. அடிதடி தொடங்குகிற இடத்தில் காட்சி அறுந்து, கோர்ட்டுக்கே திரும்பிவிடுகிறோம். பிறகு சத்தம் மட்டும்தான். யார் யாரை அடித்தார்கள்? டானியல் இந்தப் படம் முழுக்க இருக்கிற நிலைமையில் நம்மையும் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுகிறார் இயக்குநர்.

இப்போது அந்தக் கார்க் காட்சி. நாயை டாக்டரிடம் கூட்டிப்போன அன்று அப்பா என்ன சொன்னார் என்று டானியல் கோர்ட்டில் சொல்கிறான். நாய் ஒருநாள் போய்விடும், நீ தயாராக இரு என்கிற மாதிரிப் பேச்சு. அப்பா தன்னைப் பற்றித்தான் பேசினாரோ என்று இப்போது அவனுக்குத் தோன்றுகிறது. திரையில் அப்பாவின் வாய் அசைகிறது. வருவது பையனின் குரல்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை எனக்கு இது உறைக்கவே இல்லை. பஸ்ஸில், போனில், துண்டு துண்டாகப் பார்த்ததன் பலன். இரண்டாம் தடவைதான் பிடிபட்டது. அது நினைவா, அம்மாவைக் காப்பாற்ற அவன் கட்டியதா? எந்தப் பக்கம் சாய்ந்து நடித்திருந்தாலும் படம் அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பையன் சாயவே இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரியும் இல்லை, உருகவும் இல்லை. நிதானமாகச் சொல்கிறான்.

இத்தனைக்கும் அவன் உருகத் தெரியாதவன் இல்லை. அப்பா முன்பு ஆஸ்பிரின் விழுங்கிச் சாகப் பார்த்தார் என்று அம்மா சொன்னது நிஜமா என்று பார்க்க, தன் நாய்க்கே ஆஸ்பிரின் கொடுத்துவிடுகிறான். (அப்பா எடுத்த வாந்தியைத் தின்றுதான் அப்போது நாய்க்கு முடியாமல் போனதோ என்று அவனுக்குச் சந்தேகம்.) நாய் துவண்டதும் அவன் உடைந்து கதறுகிறானே, அதை எப்படி மறந்தீர்கள்? (அந்த நாய்க்குக் கானில், நடிக்கிற நாய்களுக்கென்றே தரும் ‘பாம் டாக்’ விருதே கிடைத்தது. பையனைவிட அதைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசியது. எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.)

கொன்றது யார் என்று சொல்லவில்லை என்கிறீர்கள். டானியலுக்கும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அவன் ஒரு அம்மாவோடு அந்த வீட்டில் தூங்கியாக வேண்டும்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தக் கார்க் காட்சியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். அப்புறமும் ‘சும்மா’தான் என்று தோன்றினால் எழுதுங்கள், சண்டை போடலாம்.