பண்டைய சீனாவில் அரசரே சாமியாடியாகவும் இருந்தாரா?

அருள் வந்து ஆடுபவர் என்ற பொருளில் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். குறி பார்ப்பவர் என்றால் ஆம், அதுவும் நாட்டுக்கே தலைமைக் குறிகாரர்.

நான் சொல்வது ஷாங் வம்சத்து அரசர்களை. இன்றைய ஹெனான் மாகாணத்து ஆன்யாங்தான் அவர்களுடைய கடைசித் தலைநகரம். அங்கே ஆமையின் அடியோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குறி பார்த்தார்கள். ஓட்டின் பின்பக்கம் சிறு குழிகள் குடைந்து, அதில் சூடு வைப்பார்கள். முன்பக்கம் பட்டென்று விரிசல் விடும். சீனத்தில் குறி பார்ப்பதற்கான எழுத்தே அந்த விரிசலின் வடிவம்தான்: ஒரு நெட்டுக்கோடு, பக்கத்தில் ஒரு சின்னக் கிளை. பிறகு கேட்ட நாள், கேட்டவர் பெயர், கேள்வி எல்லாவற்றையும் அதே ஓட்டில் செதுக்கிவிடுவார்கள்.

கேட்பது அரண்மனைக் குறிகாரர். ஆனால் "விரிசலைப் பார்த்து அரசர் சொன்னார்" என்றுதான் பலன் தொடங்கும்.

கி.மு. 1200 வாக்கில் ஆண்ட வூ டிங்குக்கு ஒரு முறை பல்வலி. மருந்து என்ன என்று கேட்கவில்லை, எந்த முன்னோர் கோபம் என்று கேட்டார்கள். செத்துப்போன அப்பாவா, பெரியப்பாக்களில் ஒருவரா என்று ஒவ்வொரு பெயராக, அவரா, அவர் இல்லையா என்று இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறார்கள். நான் இந்த விஷயத்துக்குள் விழுந்ததே இந்தப் பல்வலியால்தான்.

இன்னொன்று, அவருடைய மனைவி ஃபூ ஹாவோவின் பிரசவம். படை நடத்திய பெண்மணி அவர். அரசர் சொன்ன பலன்: டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது (டிங், கெங் எல்லாம் அவர்களுடைய பத்து நாள் வாரத்தின் நாள்பெயர்கள்). 31ஆம் நாள், ஜியா நாளில் பிறந்தது. "நல்லதல்ல, பெண்" என்று பிறகு செதுக்கி வைத்திருக்கிறார்கள். (பெண் என்பதால் நல்லதல்ல! 3,000 வருஷத்துக்கு முன்பே.) ஆனால் கவனியுங்கள், அரசர் சொன்னது பொய்க்கவில்லை. அவர் நல்ல நாள் எது என்று மட்டும்தானே சொன்னார்?

அரசர்தான் எல்லா சாமியாடிகளுக்கும் தலைவர் என்று 1936இல் சென் மெங்ஜியா என்ற சீன அறிஞர் எழுதினார். அதை ஏற்ற அறிஞர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. நான் மறுப்பவர்கள் பக்கம். எலும்புகளில் ஆட்டமும் ஆவேசமும் இல்லை. எந்த முன்னோருக்கு, எந்த நாளில், எத்தனை மாடு, எத்தனை போர்க்கைதி பலி என்று கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி போகிறது. டி என்ற மேலான தெய்வத்தை நேரே அணுக முடியாது, முன்னோர்தான் இடையில். அந்த முன்னோர் அரசரின் குடும்பம். அரசரின் பிடி அங்கேதான். குறி பார்ப்பது அரசருக்கு மட்டுமே உரியது என்றும் சொல்லிவிட முடியாது. 1991இல் கிடைத்த ஒரு குழியில் இருந்தவை ஓர் இளவரசர் தனக்காகப் பார்த்த குறிகள்.

கடைசி அரசர்கள் காலத்தில் பல நேரம் அரசரே கேட்பவர், அரசரே பலன் சொல்பவர். பலன் ஏறக்குறைய எப்போதும் "நல்லது" என்றே வந்தது.

மழைக்காகத் தன்னையே பலியாகத் தர முன்வந்த முதல் ஷாங் அரசர் தாங்கின் கதையைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது அவருக்கு 1,000 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது. நான் அதை நம்பி வாதாட மாட்டேன்.

உண்மையான சாமியாடிகளுக்கு சீனத்தில் 'வூ' என்று பெயர். ஷாங் ஆட்சி போய் நானூறு வருஷம் கழித்து அவர்கள் கதி என்ன தெரியுமா? கி.மு. 639இல் லூ என்ற சீனச் சிற்றரசில் கடும் வறட்சி. மழைக்காகக் கோமகன் ஒரு வூவை எரிக்கப் பார்த்தார். அமைச்சர் ஸாங் வென்ஜோங் தடுத்தார்: மதிலைச் சரிசெய்யுங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள். இவர்களைக் கொல்ல வானம் நினைத்தால் எதற்குப் பிறப்பித்தது? கோமகன் கேட்டுக்கொண்டார். அந்த வருஷம் பஞ்சம் வந்தது, ஆனால் பெரிய சேதமில்லை என்கிறது பதிவு.