சாரைப்பாம்பு மாட்டிடம் பால் குடிக்கிறதா?

கேள்வி: மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். ஒரு பசு திடீரெனப் பாலைக் குறைத்துவிட்டது. வைக்கோற்போரில் ஆறடி நீளப் பாம்பு ஒன்று தென்படுகிறது. நாகம் என்கிறார் கணவர். சாரை, அதுதான் இரவில் பால் குடிக்கிறது என்கிறார் மாமியார். பூச்சிமருந்துக் கடையில் பாம்பை விரட்டக் கொடுத்த குருணை மருந்தைக் கொட்டகையைச் சுற்றித் தூவலாமா? படம் அனுப்பியுள்ளேன்.
- வாசகி, மாதவரம், சென்னை

பதில்: அம்மா, அந்தக் குருணையைத் தொடாதீர்கள். பொட்டலத்தில் பொரேட் என்று இருந்தால், அது 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட நஞ்சு. அதன் நெடிக்குப் பாம்பு ஓடிவிடும் என்று சொல்லி விற்பது அயோக்கியத்தனம். பாம்பு ஓடாது, தரையை நக்கும் கன்றுதான் சாகும். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். வெறுங்கையால் தூவுகிறவருக்கும் ஆபத்து.

படத்தில் இருப்பது சாரைதான். உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள் செங்குத்தாக இறங்குவதைப் பாருங்கள். பெரிய வட்டக் கண். தலையைவிட ஒடுங்கிய கழுத்து. விஷம் கிடையாது. பகலில் இரை தேடும் பாம்பு இது. உறிஞ்சிக் குடிக்க ஏற்ற உதடுகள் அதற்கு இல்லை. பின்னோக்கி வளைந்த பற்கள் காம்பில் பட்டால் எந்தப் பசுவும் உதைக்காமல் நிற்காது.

அது ஏன் வந்தது என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எலிக்காக வந்திருக்கிறது. தவிட்டு மூட்டையின் அடியைப் புரட்டினால் புழுக்கை கிடக்கும். எலி மூத்திரம் கலந்த தீவனமும் தண்ணீரும் எலிக்காய்ச்சலைப் பரப்பும். அந்த நோய் கண்ட பசு, மடி வீங்காமலே திடீரெனப் பாலைக் குறைக்கும். மடி தொளதொளவென்று இருக்கும். பால் கெட்டியாக மஞ்சளாக வரும். சினை மாடு கன்று வீசலாம். மடி சூடாகவும் இறுகியும் இருந்து, பாலில் திரி திரியாக வந்தால் அது மடிநோய். எதுவானாலும் நாளைக்கே மருத்துவரை வரவழையுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்குப் பக்கம்தான். எலிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். கையில் வெட்டுக்காயம் இருந்தால், என்ன நோய் என்று மருத்துவர் சொல்லும்வரை அந்தப் பசுவை நீங்கள் கறக்க வேண்டாம்.

எலி பாஷாணம் வைக்கவும் நான் சம்மதிக்க மாட்டேன். மாடு கட்டிய இடத்தில் சிங்க் பாஸ்பைடு வைப்பது மாட்டுக்கே வைப்பதுதான். தவிட்டை மூடியுள்ள தகர டிரம்மில் கொட்டுங்கள். வைக்கோற்போரைக் கொட்டகையிலிருந்து தள்ளிப் போடுங்கள். வளைகளைத் தோண்ட, திருவள்ளூர்ப் பக்கத்து இருளர்கள் யாரையாவது நியாயமான கூலி பேசி அழைத்து வாருங்கள். எலி பிடிப்பதில் அவர்களுக்கு இணையான கை கிடையாது.

சாரையை அடிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். எலி குறைந்தால் பாம்பு தானாக வயல் பக்கம் போய்விடும்.