கொண்டை ஊசி வளைவில் பறவை பார்க்க…

கேள்வி: ஆழியாறிலிருந்து வால்பாறைக்குக் காரில் போனோம். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் பறவைச் சத்தம் கேட்டது. கண்ணில் பட்டதென்னவோ குரங்குகள்தான். எங்கே, எப்படிப் பார்ப்பது?

பதில்: மலைச்சாலையில் பலரும் மேட்டுப் பக்கம் அண்ணாந்து பார்க்கிறார்கள். வெளிச்சமான வானத்துக்கு எதிரே பறவை கருநிழலாகத்தான் தெரியும், கழுத்துவலிதான் மிச்சம். பள்ளத்துப் பக்கம் திரும்புங்கள். சரிவில் கீழே வேர்விட்ட மரத்தின் உச்சிக்கிளை உங்கள் கண்மட்டத்துக்கே வந்திருக்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்துவிட்டால் நிறமெல்லாம் துல்லியம்.

புலிகள் காப்பகச் சாலை, யானை நடமாட்டமும் உண்டு. அதனால் நினைத்த வளைவில் இறங்காதீர்கள். 9ஆவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனை, அட்டகட்டி, வால்பாறையை ஒட்டிய தோட்டங்களின் சாலையோரம் போதும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள் போய், எஞ்சினை அணைத்துவிட்டு ஒரே இடத்தில் அரைமணி நேரமாவது இருங்கள்.

காரணம் இருக்கிறது. பூச்சி தின்னும் பறவைகள் பல இனமாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும். அந்தக் கூட்டம் இல்லாதபோது காடு வெறிச்சோடிக் கிடக்கும். வந்ததும் சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வரும் துடுப்புவால் கரிச்சானின் குரல் கேட்டால் தயாராகிவிடுங்கள். முதலில் உச்சியைப் பாருங்கள்: மின்சிட்டுகள் இருக்கும், ஆண் செம்மஞ்சள், பெண் மஞ்சள். பிறகு அடிமரத்துக்கு வாருங்கள், மரங்கொத்தி அங்கேதான். கூட்டத்தின் பின்னால் ஓடினால் எல்லாம் கலைந்துவிடும்.

இருவாச்சிக்கு (ஹார்ன்பில்) வழி வேறு. பழுத்த ஆல், அத்தி மரத்தைக் கண்டுபிடித்துக் காத்திருங்கள். அது பறந்து வரும்போது இறக்கைச் சத்தம் நீராவி ரயில் மூச்சுவிடுவதுபோல வெகுதூரம் கேட்கும்.

கேள்வி: 8×42 பைனாகுலர் வாங்கினேன். ஒரு கண்ணுக்குத் தெளிவு, மறு கண்ணுக்கு மங்கல். பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. வலப்பக்க லென்ஸை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகையை இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகுங்கள். தெளிவானதும் இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வில்லையருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். இனி எந்தத் தூரத்துக்கும் சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி அணிபவர் கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் குவளையை உள்ளே தள்ளிவிட வேண்டும். இரண்டு பிம்பம் தெரிந்தால் மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே பட்டகம் (பிரிசம்) நகர்ந்திருக்கும்.

கேள்வி: செல்போனில் குரலை ஒலிக்கவிட்டால் பறவை வருமாமே?

பதில்: வரும், ஆனால் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் போட்டி ஆண் நுழைந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. கூடு கட்டும் காலத்தில் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். இருவாச்சிக் கூட்டருகே நிற்பதுகூடக் கூடாது. பெண் பொந்துக்குள் அடைபட்டிருக்கும்; ஆண் கொண்டுவருவதுதான் அதற்கு உணவு. ஆளைக் கண்டால் ஆண் கிட்டே வராமல் திரும்பிவிடும்.