அம்மா கேட்ட உயிர்

கேள்வி: எனக்கு வயது 29. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அப்பா தவறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அக்கா திருமணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். பள்ளி நாளிலிருந்தே நான் கேமர். இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் கால் ஆஃப் டூட்டி என்ற துப்பாக்கி விளையாட்டில் நண்பர்களோடு குழுவாக ஆடுவேன். அதற்கென்று தனி நாற்காலி, நல்ல ஹெட்போன் எல்லாம் உண்டு. இந்த ஆண்டு துப்பாக்கி ஸ்கின்களுக்கு மட்டும் 6,000 ரூபாய் செலவழித்திருக்கிறேன். அம்மாவுக்கு 57 வயது. அப்பா போன புதிதில் மனம் கொஞ்சம் மாறட்டும் என்று நான்தான் அவர் போனில் கேண்டி கிரஷ் என்ற மிட்டாய் சேர்க்கும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது அதற்கு அடிமையாகிவிட்டார். என் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் இரவு 12 மணி வரை அதே வேலை. அந்த ஆட்டத்துக்கு உயிர் கேட்டு என் போனுக்கு வேறு தினமும் வேண்டுகோள் வந்துகொண்டிருந்தது. தொல்லை தாங்காமல் அறிவிப்பை நிறுத்திவிட்டேன். சென்ற மாதம் பெண் வீட்டார் வந்திருந்தபோது, தான் 2,140ஆவது லெவலில் இருப்பதாக அம்மா பெருமையாகச் சொன்னார். "அப்படியென்றால் ஆன்ட்டியும் கேமர்தான்" என்று அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு அவமானமாகிவிட்டது. "அதெல்லாம் கேமே இல்லை" என்று சொன்னேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மிட்டாய் நகர்த்துகிறவர்களை எல்லாம் கேமர் என்று சொல்லலாமா? இந்தப் பழக்கத்திலிருந்து அவரை எப்படி மீட்பது? மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்.

பதில்: பத்து வருடங்களுக்கு முன்பு "மகன் செல்போனும் கையுமாக இருக்கிறான்" என்று அம்மாக்கள் எனக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதே வரியை மகன்கள் எழுதுகிறார்கள். ஆள்தான் மாறியிருக்கிறது. இத்தனை கடிதம் படித்த பிறகு "கவலைப்படாதீர்கள் தம்பி" என்று தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டிய ஆள்தான். எதற்கு என்பதில்தான் தடம் மாறிவிட்டீர்கள்.

நாற்காலியைப் பற்றி எழுதினீர்கள், ஹெட்போனைப் பற்றி எழுதினீர்கள், பெண் வீட்டாரைப் பற்றி நாலு வரி எழுதினீர்கள். நடுவில், போகிற போக்கில், ஒரு வாக்கியம்: உயிர் கேட்டு தினமும் வேண்டுகோள் வந்துகொண்டிருந்தது, அறிவிப்பை நிறுத்திவிட்டேன். அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இரண்டு நாள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

சினிமா வசனம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அது விளையாட்டு உயிர், சின்ன இதயப் படம் என்று எனக்குத் தெரியும். நானும் ஆடுகிறவள். (என் லெவலைக் கேட்காதீர்கள். உங்கள் அம்மா என்னைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறார்.) ஐந்து உயிர் இருக்கும். தோற்றால் ஒன்று போகும். அரை மணி நேரத்துக்கு ஒன்றாகத் தானே திரும்பி வரும். ஐந்தும் போய்விட்டால் முழுதாகச் சேர இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் காசு கொடுத்து வாங்கலாம். இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் கேட்கலாம். கொடுக்கிறவருக்குக் கையிலிருந்து எதுவும் குறையாது, ஒரு விரல் தட்டினால் போதும்.

உங்கள் அம்மா காசு கொடுத்து வாங்கவில்லை. வாங்கியிருந்தால் உங்கள் முதல் புகாரே அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர் உங்களிடம் கேட்டார். அடுத்த அறையில், கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மகனிடம் போன் வழியாகக் கேட்டார். கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? எட்டு மணிக்கு மேல் உங்கள் காதில் ஹெட்போன் இருக்கும். தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பி வர அவர் பழகிவிட்டார். மூன்று வருடமாக அந்த வீட்டில் அவர் உங்களோடு பேசுவதற்கு மிச்சமிருந்த ஒரே வழி அந்த வேண்டுகோள்தான் என்று எனக்குப் படுகிறது. அதையும் தாழ் போட்டுவிட்டு, தொல்லை தீர்ந்தது என்று எனக்கே எழுதுகிறீர்கள்.

சரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மிட்டாய் நகர்த்துகிறவரும் கேமர்தானா? ஆமாம்.

கேண்டி கிரஷ் சாகா 2012இல் கிங் என்ற நிறுவனம் வெளியிட்டது. அந்த நிறுவனத்தை 2016இல் 590 கோடி டாலர் கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? ஆக்டிவிஷன் பிளிஸார்ட். உங்கள் கால் ஆஃப் டூட்டிக்காரர்கள்தான். பிறகு 2023இல் அவர்களை மொத்தமாக மைக்ரோசாஃப்ட் வாங்கியது, கிட்டத்தட்ட 6,900 கோடி டாலருக்கு. ஆக, உங்கள் துப்பாக்கியும் அம்மாவின் மிட்டாயும் ஒரே முதலாளியின் கடைச் சரக்கு. உங்கள் அம்மாவைப் போன்றவர்களைக் கணக்கில் சேர்த்துத்தான் அந்த விலை பேசப்பட்டது. கடைக்காரரே அவரை கேமர் என்று எழுதி வைத்திருக்கும்போது, இன்னொரு வாடிக்கையாளரான நீங்கள் இல்லை என்கிறீர்கள். அதிலும் நீங்கள் ஸ்கின் வாங்கினவர். ஸ்கின் என்றால் துப்பாக்கிக்கு மாட்டும் புதுச் சட்டை என்று என் பேரன் விளக்கினான். ஆறாயிரம் ரூபாய்க்குச் சட்டை வாங்கினவர் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் 2,140 லெவல் தாண்டினவரைப் பார்த்து அவமானப்படுகிறார். நான் சிரித்தேன், மன்னிக்க வேண்டும்.

உலகத்தில் 300 கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு கருவியில் விளையாடுகிறார்கள் என்று சந்தைக் கணக்கு எடுப்பவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தொழிலின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி செல்போனிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் விளையாட்டு நிறுவனங்களின் சங்கமே எடுக்கும் கணக்கெடுப்புகளில், ஆடுகிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள். சராசரி வயது முப்பதுகளின் நடுவில். இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் பையன்தான் கேமர் என்ற படம் எங்கிருந்து வந்தது? 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. அதன் பிறகு 1985இல் நிண்டெண்டோ என்ற ஜப்பானிய நிறுவனம் அங்கே போனபோது பொம்மை என்ற பெயரில் பொம்மைக் கடைகள் வழியாக நுழைந்தது. பொம்மைக் கடையில் பையன்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று இரண்டு உண்டே, இது பையன்கள் வரிசையில் போய் உட்கார்ந்தது. விளம்பரமும் பையன்களைப் பார்த்தே பேசியது. எங்கோ ஒரு கடைக்காரர் அலமாரி அடுக்கிய விதத்தை நீங்கள் இன்று திருப்பூரில் சாதிச் சான்றிதழ் மாதிரி தூக்கிப் பிடிக்கிறீர்கள்.

டெட்ரிஸ் தெரியும்தானே? 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கணினி வல்லுநர் உருவாக்கியது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, கதை இல்லை. அது கேமே இல்லை என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். கட்டையை அடுக்கினால் கேம், மிட்டாயைச் சேர்த்தால் கேம் இல்லையா?

இவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. என் மாமியார் பல்லாங்குழி ஆடுவார். புளியங்கொட்டைதான், சோழியெல்லாம் கிடையாது. எதிரில் உட்கார யாராவது கிடைத்தால் ஆட்டம் ஒரு மாதிரி; யாரும் கிடைக்காத மதியங்களில் அவரே இரண்டு பக்கமும் ஆடுவார். தனியாக ஆடும் அந்த ஆட்டத்துக்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை ஒண்டியாக ஆடிய ஆட்டமாம். புதிதாகக் கல்யாணமாகி வந்த நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழவிக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எதிரில் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அவர் போன பிறகு அந்தப் பலகை என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்தை இவ்வளவு கடுமையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மனநல மருத்துவர் பற்றிக் கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருப்பது உண்மை. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நிறைய ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிட முடியாது. ஆட்டத்தை நிறுத்த நினைத்தும் முடியாமல் போக வேண்டும். மற்ற வேலைகளை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டு ஆட்டம் முன்னால் நிற்க வேண்டும். கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர வேண்டும். பொதுவாக இது ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும். உங்கள் அம்மா சமைக்கிறார். நேரத்துக்குத் தட்டு வருகிறது. விருந்தாளி வந்தால் உட்கார்ந்து பேசுகிறார். இப்போது அதே அளவுகோலை நாற்காலிப் பக்கம் திருப்புங்கள். சூடாக வந்த சாப்பாடு எத்தனை மணிக்கு உள்ளே போகிறது? அம்மாவோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது எந்த மாதம்? மருத்துவரிடம் போவதாக இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து டோக்கன் வாங்குங்கள்.

இரவு 12 மணி வரை கண் விழிப்பது அவருக்கு நல்லதில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதை அவரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் பத்து மணிக்கு விளக்கை அணைக்கும் நாளிலிருந்து.

என் கொள்கை பழையது. பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவருக்குத் துணையாக இருப்பது பிள்ளையின் கடமை. அதற்குப் பதிலாக ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வதை நான் கடமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போல நீங்கள்தான் கொடுத்தீர்கள். குழந்தை அதை வைத்துக்கொண்டு விளையாடுகிறது என்று இப்போது புகார் சொல்கிறீர்கள். ஓசூரில் இருக்கும் அக்காவையும் இதில் இழுக்காதீர்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பவர் நீங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டாலும். கல்யாணம் ஆகிவிட்டால் வருகிற பெண் அம்மாவுக்குத் துணையாக இருப்பாள், நாம் நிம்மதியாக ஹெட்போனை மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் மூலையில் எங்காவது இருந்தால், இப்போதே பெண் வீட்டாருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வேலையைச் செய்ய இன்னொரு வீட்டுப் பெண்ணை அழைத்து வரக்கூடாது. அதே பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் கேலி செய்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த அரை மணி நேரத்தில் உங்கள் அம்மா எதைப் பற்றிப் பேசினால் முகம் மலர்கிறார் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். "ஆன்ட்டியும் கேமர்தான்" என்றது அவர் பக்கத்தில் போய் உட்காருவது மாதிரி. அம்மாவை அங்கிருந்து எழுப்பி உள்ளே அனுப்பியது நீங்கள்.

ஜப்பானில் மோரி ஹமாகோ என்று ஒரு பாட்டி. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு வீடியோ கேம் ஆடத் தொடங்கியவர். 2020இல், 90 வயதில், உலகிலேயே மிக மூத்த வீடியோ கேம் யூடியூபர் என்று கின்னஸில் பெயர் வந்தது. அந்தக் கணக்குக்கு உங்கள் அம்மா இன்னும் சின்னப் பெண். உங்கள் துப்பாக்கி ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு வேண்டுமென்றால் அவரே கேட்பார். நீங்கள் முதலில் அவருடைய ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வாருங்கள். நிறுத்தி வைத்த அறிவிப்பைத் திறந்து, கேட்டதைக் கொடுங்கள். அதற்காகப் பெரிதாக மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவர் அழுதுவிடுவார், பிறகு யாராலும் சாப்பிட முடியாது. எந்த லெவலில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள், போதும்.

அடுத்த முறை பெண் வீட்டாரோடு பேசும்போது நீங்களே பேச்சை எடுங்கள். அம்மா எத்தனையாவது லெவல் என்று சரியாகச் சொல்லுங்கள். 2,140 என்பது சென்ற மாதத்துக் கணக்கு. இப்போது எவ்வளவு என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.