டிஎன்ஏவையே படிக்க முடிகிற காலத்தில் தவளைகளின் குரோமோசோம்களை ஏன் எண்ணுகிறார்கள்?

எண்ணிக்கையும் அமைப்பும் நுண்ணோக்கியில் நேராகத் தெரியும், அதனால்தான். பெங்களூரில் மழை விட்டதும் நம் வாசலுக்கு வருகிற சாதாரணத் தேரைக்கு 22 குரோமோசோம்கள். தென் அமெரிக்காவின் ஒடொன்டோஃப்ரினஸ் அமெரிக்கானஸ் தவளைக்கோ 44. பதினொன்று கொண்ட குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் நான்கு! 22 மட்டுமே உள்ள உறவினங்களிலிருந்து அதைத் தோற்றத்தால் பிரிப்பது கஷ்டம்.

அமேசானின் லெப்டோடாக்டைலஸ் பென்டாடாக்டைலஸ் இன்னும் வினோதம். அதன் 22 குரோமோசோம்களில் 12, ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ள பால் குரோமோசோம்கள். ஆணின் விந்தணு உருவாகும்போது அவை வளையமாகக் கைகோத்து நிற்கும். டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் படித்தால் இந்த வளையம் எளிதில் கண்ணில் படாது.

முறை பழையதுதான்: கோல்சிசின் கொடுத்து செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தி, கீம்சா சாயம் ஏற்றிப் பார்ப்பது. ஒரே சிக்கல், உயிருள்ள செல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிடித்து ஃபார்மலினில் போட்டுவைத்த பழைய தவளைகள் இதற்கு உதவாது.